மூன்று பாயிண்ட் சந்தனம்

அந்தத் திருகாணியை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி தூரம் போனபிறகு எனக்கு நானே சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்துவிடுவேன். என் சுபாவம் அப்படி.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு. நான் ஓர் ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் சொந்தமாக ஒரு சின்ன லேத்து வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் மூடிப்போன பட்டறையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததைக் கொண்டுவந்து, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தேன். அதனால் என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமான அபிப்பிராயம் இருந்தது. சரியாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விடமாட்டேன். திறந்து பார்த்து, துடைத்து, இன்னும் கொஞ்சம் சரியாக்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

என் மனைவி கடத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே மெஷின் ரிப்பேர் பார்க்கப் போய்த்தான் அவளை எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் முடிகிற ரிப்பேரை இந்த மனுஷன் ஏழு மாதம் பார்த்தார் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவள் ஓசூர்ப் பக்கம், கன்னடம் பேசுகிற குடும்பம். அவள் வீட்டில் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில் ஒரு வருடம் முறைத்துவிட்டுப் பிறகு வந்துபோக ஆரம்பித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஞாயித்துக்கெழம பூசைக்கு உங்களோட நானும் வர்றன். மாதா படத்துக்கு நானே மெழுகுவத்தி ஏத்தறன். ஆயுத பூஜை ஒரு நாள மட்டும் எனக்கு வுட்டுருங்க. அன்னைக்கு நீங்க குறுக்க வரக்கூடாது." சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வருடத்தில் ஒரு நாள் லேத்துக்குப் பொட்டு வைத்தால் லேத்து என்ன தேய்ந்தா போகும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் அவள் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். டைப்பிங் தேர்வு மட்டும் பாக்கி. சேலத்தில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு. மெஷினை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அப்போதெல்லாம் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பும் இதே மாதிரி ஒரு தேர்வுக்குப் போனாள். சேலத்திலேயே வாடகைக்கு எடுத்த மெஷின், நடுவில் எழுத்து தாண்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே சும்மா ஓர் இடம் விழும். விழுந்த ஒவ்வொரு இடமும் ஒரு தப்பு. தேர்வு போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை வயது வரம்புக்குக் கடைசி வருடம். இது தவறினால் இனிமேல் எழுதவே முடியாது. அதற்காக இன்ஸ்டிடியூட் முதலாளி, அங்கே இருப்பதிலேயே நல்ல மெஷினை ஒரு மாதம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். தினமும் காலையிலும் சாயங்காலமும் அதில் அடித்து அடித்து அவள் கை அதற்குப் பழகியிருந்தது. அது ஓர் இடத்தில்கூடத் தாண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அதைத் திறந்தேன்.

"இப்ப எதுக்குங்க அதத் தொறக்கறீங்க? நல்லாத்தான ஓடுது."

"நல்லா ஓடறப்பவே பாத்து வெச்சுக்கணும். போன தடவ என்ன ஆச்சு?"

டைப்ரைட்டரில் ஓர் எழுத்தை அடித்தால் மேலே உள்ள வண்டி ஓர் எழுத்து அளவுக்கு நகரும். அந்த அளவை விட்டுக்கொடுப்பது ஒரு சின்னப் பல்சக்கரமும், அதைப் பிடித்துப் பிடித்து விடுகிற ஒரு கொக்கியும். அந்தக் கொக்கி ஆடுவது ஒரு திருகாணியின் மேல். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தலை, அதற்குக் கீழே வழவழவென்று கழுத்து, அதற்கும் கீழே மரை. கொக்கி ஆடுவது கழுத்தில். கழுத்து கொஞ்சம் பருத்தால் கொக்கி இறுகி, எழுத்தின் மேல் எழுத்து விழும். கொஞ்சம் சிறுத்தால் கொக்கி தள்ளாடி, எழுத்து தாண்டும்.

கொக்கியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஓர் அசைவு இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இருந்ததா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு கால் சுற்று இறுக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு கால் சுற்று போனேன். டிக்கென்று சத்தம் கேட்டது. தலையும் கழுத்தும் கையோடு வந்துவிட்டன. மரை உள்ளேயே நின்றுவிட்டது.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"தேஞ்சு போயிருந்துச்சு. தொட்டதும் ஒடஞ்சிருச்சு. நல்லவேளை வூட்லயே ஒடஞ்சுது. அங்க போயி ஒடஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பொய். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அவள் உடைந்த துண்டை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, "ஹோகலி பிடி" என்றாள். போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். அவள் கன்னடத்தில் பேசினால் சண்டை வேண்டாமென்று முடிவு பண்ணிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. சேலத்திலும் தர்மபுரியிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றும் திறக்காது. இன்ஸ்டிடியூட் முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார், புதன்கிழமை மத்தியானம்தான் வருவார். வேறு வழியில்லை, நான்தான் செய்ய வேண்டும். உள்ளே நின்ற மரையைத் துளைபோட்டு எடுத்தேன். அது சுலபம், பின்பக்கம் ஒரு நட்டு போட்டுக்கொள்ளலாம். உடைந்த துண்டின் கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன். மூன்று புள்ளி ஒன்பது எட்டு மில்லிமீட்டர். கொட்டகைக் கதவில் சாக்பீஸால் 3.98 என்று எழுதிவைத்தேன். துண்டைத் தகர டப்பாவில் போட்டேன். அதற்குள் கரண்டு போய்விட்டது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரத்தில் கடைந்து போட்டுவிடலாம் என்று படுத்தேன்.

காலையில் நான் எழுந்தபோது கொட்டகை கழுவிக் கோலம் போட்டிருந்தது. லேத்துக்கு மாலை. கம்பியைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்கும் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம். பலகையில் வாழையிலை விரித்து ஸ்பானர், அரம், ரம்பம், வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பொட்டு. நடுவில் தலைப்பாகம் கழற்றிய டைப்ரைட்டர், அதன் ஸ்பேஸ் பாரில் மூன்று விரல் சந்தனம். பொரி, கடலை, பூசணிக்காய். சாம்பிராணிப் புகைக்குள் அவள் குளித்த ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்து வெச்சிட்டன். இனி நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டினப்பறம்தான் தொடணும்."

"வெளையாடறியா? புதங்கெழம டெஸ்ட்டு."

"தெரியும். எனக்குத்தான டெஸ்ட்டு."

"உனக்காகத்தான் புள்ள கேக்கறன். ரெண்டு மணி நேரம். அப்பறம் திரும்பப் பொட்டு வெச்சுக்க."

"எனக்காகத்தான் நானும் சொல்றன். பூஜையில வெச்சத எடுத்தா அது வேலைக்கு ஆகாதுங்க. வாக்குக் குடுத்திருக்கீங்க."

என் கோபம் எனக்கே பயமாக இருக்கும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். வாக்கை மீறி உள்ளே போய் எடுத்திருப்பேன், தடுத்தது என் பொய்தான். உடைத்தவன் நான். உடைத்ததை ஒப்புக்கொள்ளாதவன் வாக்கையும் மீறினால் அப்புறம் என்னிடம் என்ன மிச்சம்? அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா கிடந்தேன். வேலை தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அவள் பயிற்சியை விடவில்லை. மெஷின் பூஜையில் இருந்ததால், சோறு வடிக்கிற பலகையைக் குப்புறப் போட்டு அதன்மேல் பத்து விரலாலும் அடித்துக்கொண்டிருந்தாள். பலகையில் எழுத்து எங்கே இருக்கிறது, எல்லாம் அவள் விரலுக்குத்தான் தெரியும். மத்தியானம் முழுக்க அந்தத் தடதட சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவள் கற்பூரம் காட்டி முடித்ததும், தட்டைக்கூடத் தொட்டுக் கும்பிடாமல் வேலையில் இறங்கினேன். சந்தனத்தை எல்லாம் வேஸ்ட் துணியால் வறட்டு வறட்டென்று துடைத்தேன். மைக்ரோமீட்டரின் முதுகில் இருந்த பொட்டையும் துடைத்தேன். என்னிடம் நல்ல ஸ்டீல் கம்பி ஒரு விரல் நீளம்தான் இருந்தது. இரண்டு திருகாணிக்குப் போதும், மூன்றுக்குப் போதாது. ஒன்று போதுமே என்றுதான் நினைத்தேன்.

கம்பியைச் சக்கில் பிடித்து, முனையைச் சீவி, மெல்ல மெல்லக் கடைந்தேன். மரை போட்டேன். கழுத்தைக் கடைசியில் எடுத்தேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கை நாங்கள் பாயிண்ட் என்போம். தலைமுடி ஐந்தாறு பாயிண்ட் இருக்கும். மைக்ரோமீட்டரில் மூன்று புள்ளி ஒன்பது எட்டு வந்ததும் நிறுத்தினேன். அறுத்து எடுத்து, தலையில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, மெஷினில் மாட்டினேன். பத்தரை மணி.

"வா. அடிச்சுப் பாரு."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாவது வரியும். நான் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைத்தேன். மூன்றாவது வரியில் வேகம் பிடித்தாள். ஒரு வார்த்தையின் நடுவே ஓட்டை விழுந்தது. அடுத்த வரியில் இரண்டு ஓட்டை. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதே மாதிரி தாண்டுதுங்க" என்றாள். போன தடவை மாதிரி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கழற்றினேன். கொக்கியை ஆட்டிப் பார்த்தேன், தள்ளாடியது. திருகாணியை மறுபடி அளந்தேன். 3.98. கதவைப் பார்த்தேன். 3.98. ஒரே எண். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொக்கியின் துளை தேய்ந்திருக்குமோ? இரண்டு நாள் முன்பு வரை ஓடிய துளை எப்படித் தேயும்? நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மைக்ரோமீட்டர் மேல் விழுந்தது. அதைத் துடைக்கப்போனபோதுதான், பொருளைக் கவ்வுகிற அதன் வாயை முழுசாக மூடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மைக்ரோமீட்டரை மூடினால் சைபரில் நிற்க வேண்டும். அளப்பதற்கு முன்னால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆலையில் புதுப் பையன்கள் அதைப் பார்க்காமல் அளந்தால் நான் காது கிழியக் கத்துவேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மூடினேன். சைபரைத் தொடாமல் மூன்று பாயிண்ட் முன்னாலேயே நின்றுவிட்டது. திறந்து வெளிச்சத்தில் காட்டினேன். அளக்கிற இரண்டு முகத்திலும் மஞ்சளாக, மெல்லிசாக, காய்ந்த சந்தனம்.

"இங்க எதுக்கு வெச்ச?"

"வாய்க்கு வெக்காம? வேல செய்யிற எடத்துலதான வெக்கணும். லேத்துக்குச் சக்குல, ரம்பத்துக்குப் பல்லுல. இதுக்கு வாயில." வைத்துவிட்டு, வாய் திறந்திருக்கக் கூடாதென்று திருகி மூடியும் வைத்திருக்கிறாள். அதுதான் தட்டையாக அமுங்கி, முகத்தோடு முகமாக ஒட்டிக்கொண்டது. நான் அளந்தது சந்தனத்தையும் சேர்த்துக் கம்பியை. என் திருகாணி மூன்று பாயிண்ட் இளைத்துப் போயிருந்தது.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ. "உன் வேலைக்கு உன் பூஜையே வேட்டு வெச்சிருச்சு பாத்தியா? நேத்தே எடுக்க வுட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். இனி வயசும் போச்சு, வேலையும் போச்சு. போயி பொரி கடலை தின்னு." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடைத்துவைத்திருந்த என் குற்றத்தை எல்லாம் அவள் தலையில் கொட்டுவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது, விடுவேனா? உண்மையைச் சொல்கிறேன், திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் மைக்ரோமீட்டரைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். தண்டவாளத்தோரம் நின்று ஒரு கூட்ஸ் வண்டி கடைசிப் பெட்டி வரைக்கும் போவதைப் பார்த்தேன். மிச்சமிருப்பது அரை விரல் கம்பி. அதுவும் தப்பினால் அவ்வளவுதான். கையை நீட்டிப் பார்த்தேன். விரல் நுனி ஆடியது. இந்தக் கையை வைத்துக்கொண்டு பாயிண்ட் கணக்கில் எப்படிக் கடைவது?

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். பலகையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் மைக்ரோமீட்டர் பளபளவென்று இருந்தது. மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தொடச்சிட்டன். நடுவுல பேப்பர் வெச்சு இழுத்தும் எடுத்துட்டன். சைபர்ல நிக்குது, பாருங்க."

பார்த்தேன். கோடும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஆனால் ஒரு மாதிரி நிதானமாக இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, "அப்பறமாக் கேட்டுக்கறன். மொதல்ல இத முடிங்க. தப்பு என்னுதுதான். நான்தான் பாக்காம வெச்சிட்டன். நீங்க அத மனசுல வெச்சுக்காம வேலயப் பாருங்க."

அப்படிச் சொன்னதும் என் கை நடுக்கம் நின்றுவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. தப்பு அவளுடையது என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு மூச்சு சீராக வந்தது.

கம்பியை மாட்டினேன். இந்த முறை நான் கடைகிறேன், நீ அளந்து சொல் என்றேன். இன்ஸ்டிடியூட்டில் நான் ஏழு மாதம் ரிப்பேர் பார்த்தபோதே மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டவள் அவள். என்னைவிடக் கண்ணும் கூர்மை. ஒவ்வொரு தடவையும் லேத்தை நிறுத்துவேன். அவள் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகி, எண்ணைச் சொல்வாள்.

"நாலு புள்ளி ரெண்டு ஆறு."

மறுபடி ஓட்டுவேன்.

"நாலு புள்ளி ஒண்ணு ஒண்ணு."

அந்த நேரம் பார்த்துச் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓட ஆரம்பித்தன. வோல்டேஜ் இறங்கிப் பல்பு மங்கியது. மோட்டார் முனகியது. பெல்ட் வழுக்கி, சக் தயங்கித் தயங்கிச் சுற்றியது. இப்போது வெட்டுகிற டூலை வைத்தால் வரிவரியாகக் கீறிவிடும். பட்டென்று கையை எடுத்தேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது, எழுந்து போய்ச் சாப்பிட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் விரல்கள் முழங்காலின்மேல் தானாக அடித்துக்கொண்டிருந்தன. நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குப் பல்பு பளிச்சென்றது. மோட்டாரைப் போட்டேன். ஒரு மெல்லிய வெட்டு.

"நாலு புள்ளி சைபர் சைபர்."

இனி டூல் வேண்டாம். எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து, கழுத்தைச் சுற்றிப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். துடைத்தேன். அவள் அளந்தாள்.

"மூணு புள்ளி ஒம்போது ஒம்போது."

இன்னோர் இழுப்பு. துடைத்தேன்.

"எட்டுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல. எட்டரைன்னு வெச்சுக்கங்க." ஒரு நொடி கழித்து, "போதுங்க" என்றாள்.

"இன்னும் அரப் பாயிண்ட் இருக்குது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு."

அவள் சக்கின்மேல் கையை வைத்தாள். "போதும்னு சொல்றன். நீங்க எப்பவும் இன்னொரு கால் சுத்து போவீங்க."

எமரி பேப்பரைப் பிடித்த கை அப்படியே நின்றது. கால் சுற்றைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தாள். பார்த்திருக்க முடியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மைக்ரோமீட்டரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் இன்னொரு இழுப்பு இழுக்கவில்லை.

அறுத்து எடுத்தேன். அறுக்கும்போது துள்ளிக் கீழே விழுந்துவிடாமல் அவள் முந்தானையை ஏந்திப் பிடித்தாள். மாட்டினேன். கொக்கி கழுத்தில் ஏறும்போது ஒரு சிறு தயக்கம், அப்புறம் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஆட்டினேன். தள்ளாட்டமே இல்லை.

அவள் ஒரு பக்கம் முழுக்க அடித்தாள். இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவளுடைய முழு வேகம். காகிதத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தோம். ஓர் ஓட்டை இல்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய் ஆறின சோற்றை இரண்டு தட்டில் போட்டாள்.

மறுநாள் காலை பாசஞ்சரில் சேலம் போனோம். மெஷினை ஜமுக்காளத்தில் சுற்றி என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் எனக்குள் அந்தத் திருகாணி குலுங்கியது. ஹாலுக்குள் அவளை விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். என்னை மாதிரி புருஷன், அண்ணன், அப்பா என்று நாற்பது பேர் நின்றார்கள். மணி அடித்தது. நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் இரைந்தது. அதில் அவளுடையது எது என்று கண்டுபிடிக்கக் காதைக் கூர்மையாக்கினேன். முடியவில்லை. பத்து நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடம் இன்னொன்று வரவில்லை.

வெளியே வந்தாள். "ஒரு எடத்துலகூடத் தாண்டலைங்க" என்றாள்.

முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் காத்திருந்தபிறகு ஆர்டர் வந்தது. சேலத்திலேயே வேலை. ஓய்வு பெறுகிற வரைக்கும் பொம்மிடியிலிருந்து ரயிலில்தான் போய்வந்தாள். ஆனால் நான் எழுத வந்தது அது அல்ல. அன்றைக்குத் திரும்பி வருகிற வண்டியில் நடந்தது.

பெட்டியில் கூட்டம் இல்லை. எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்தப் பழைய திருகாணித் துண்டு. டப்பாவில் நான் போட்டது.

"நேத்துக் கேக்கணும்னு சொன்னனில்ல? இதத்தான்." துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். "மைக்ரோமீட்டரத் தொடச்சதும், சரியா இருக்குதான்னு பாக்க எதையாச்சும் அளக்கணுமே. இதத்தான் அளந்தன். சுத்திச் சுத்தி எட்டு எடத்துல அளந்தன். எல்லா எடமும் ஒண்ணு போலத்தான் இருக்குது. தேஞ்சிருந்தா கொக்கி ஒரசற பக்கம் கொறஞ்சிருக்கணுமில்லைங்க? ஒடஞ்ச எடத்தப் பாருங்க. முறுக்கிக்கிட்டுப் போயிருக்குது, அளவுக்கு மேல இறுக்கின மாதிரி."

நான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். வெளியே மலை ஓடிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து அதைப் பார்க்கவும் முடியவில்லை.

"அப்ப நேத்து மத்தியானமே தெரியும்."

"ம்."

"தப்பு உன்னுதுன்னு சொன்னியே."

"சந்தனம் வெச்சது என் தப்புதான். அதச் சொன்னன்."

"நான் அவ்வளவு பேச்சுப் பேசினன். அப்பவே மூஞ்சியில வுட்டெறிஞ்சிருக்கலாமில்ல?"

அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எறிஞ்சிருப்பன். உங்க கையப் பாத்தன். ஏற்கெனவே நடுங்கிட்டு இருந்துச்சு. நான் கேட்டிருந்தா அந்தக் கம்பியும் போயிருக்கும். எனக்கு வேல வேணுங்க."

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன். நான் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு, என் பொய்யைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லியிருக்கிறாள். அத்தனை நேரமும் நான் என் கை நிதானத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்தான் ஒடச்சன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"சரி" என்றாள். இந்த முறை கன்னடத்தில் சொல்லவில்லை. "அடுத்த வருசம் சந்தனம் எங்க வெக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. எதத் தொறக்கக்கூடாதுன்னு நான் சொல்றன்."

பொம்மிடியில் வண்டி நின்றது. மெஷினைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் இறங்கினேன். அதுவரை நிதானமாக இருந்த கை அப்போது நடுங்க ஆரம்பித்தது, எவ்வளவு அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அவள் பின்னாலேயே இறங்கி, ஒன்றும் கேட்காமல், மெஷினின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.